ஜப்பானில் தனியே காய்ச்சலில் கிடப்பதற்குப் பெயர் சபர் அல்ல



ஜப்பானுக்குப் போகும் நமது பிள்ளைகளைப் பற்றிக் கனநாளாக எழுத நினைத்த விசயம் இது. கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் யாராவது ஜப்பான் போக ஆயத்தமாகிறார்கள் என்றால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

முன்பெல்லாம் நமதூரில் வெளிநாடு என்றால் சவூதி, கட்டார், குவைத். இப்போது ஜப்பானும் சேர்ந்துவிட்டது. மொழிப் பாடசாலைக்குப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், வாகன ஏலம் பார்க்கப் போகிறார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்த இளைஞர்கள் இரண்டு கிழமை தனியாகச் சுற்றிப் பார்க்கவும் போகிறார்கள். போகட்டும், நல்லது. ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் இன்னும் விளங்கிக்கொள்ளவில்லை. கட்டாரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அதே அறையில் நமது ஆட்கள் நாலு பேர் இருப்பார்கள். ஒருவர் கஞ்சி காய்ச்சுவார், ஒருவர் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார். டோக்கியோவிலோ ஒசாகாவிலோ ஒரு சின்ன ஹோட்டல் அறையில் தனியே படுத்திருப்பவருக்கு அடுத்த அறையில் யார் என்றே தெரியாது.

என்னிடம் படித்த ஒரு தம்பி ஒசாகாவில் தனியே தங்கியிருந்தபோது காய்ச்சலில் விழுந்தார். மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. உம்மா வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுத்தபோது கெமராவை மூடிவிட்டு "நெட் சரியில்ல உம்மா" என்றிருக்கிறார். நான்காம் நாள் அறை துப்புரவு செய்ய வந்த ஒரு வயதான பெண்தான் ஆளின் கோலத்தைப் பார்த்துக் கீழே போய்ச் சொல்லியிருக்கிறார். டொக்டரிடம் கொண்டுபோனால் நியூமோனியா. அல்ஹம்துலில்லாஹ், சுகமாகி வந்து சேர்ந்தார்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். மூன்று காரணம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனால் எவ்வளவு காசு கேட்பார்களோ என்ற பயம். என்ன பாஷையில் சொல்வது என்ற பயம். உம்மா பதறிப்போவா என்ற பயம். "சபர் செய்துகொண்டு கிடந்தேன் சேர்" என்றார்.

எனது கருத்து இதுதான்: இந்த மூன்று பயத்துக்கும் விடை இருக்கிறது. விடை தெரியாமல் பிள்ளையை அனுப்பிவிட்டு, அது மருந்தில்லாமல் கிடப்பதற்கு சபர் என்று பெயர் வைக்கக்கூடாது. மருந்து தேடுவதும் சுன்னத்துதான். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்தது, பாடத்தைத் தொடங்குமுன் பிள்ளையிடம் முன்னறிவு இருக்கிறதா என்று பார் என்பது. பயணத்துக்கும் அது பொருந்தும். சம்பல் போத்தல், மாசி, சூட்கேஸ் நிறையச் சாமான் எல்லாம் கட்டிக்கொடுக்கிறோம். முன்னறிவை மட்டும் கொடுப்பதில்லை.

முதலில் காசு விசயம்.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர், மாணவராக இருந்தாலும் சரி, அந்நாட்டு அரச சுகாதாரக் காப்புறுதியில் சேர்ந்தே ஆகவேண்டும். அதில் இருந்தால் மருத்துவச் செலவில் நூற்றுக்கு 70 காப்புறுதி கொடுக்கும், 30 தான் நமது கையிலிருந்து. வருமானம் குறைந்தவருக்கு மாதக் கட்டணமும் குறையும். "வீணாக ஏன் மாதாமாதம் கட்டுவது" என்று சில பிள்ளைகள் கட்டாமல் விடுவதாகக் கேள்விப்படுகிறேன். அது வீண் காசு அல்ல.

சுற்றுலா வீசாவில் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. முழுச் செலவும் அவருடையது. அதிலும் காப்புறுதி இல்லாத வெளிநாட்டவருக்கு ஆஸ்பத்திரி தனது சொந்தக் கட்டணத்தைப் போடலாம். கட்டாமல் நழுவிவிடலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம். பாக்கி வைத்துவிட்டு வந்த பயணிகளின் விபரம் 2021 முதல் குடிவரவு அதிகாரிகளுக்குப் போகிறது. அடுத்த முறை உள்ளே விடாமலும் திருப்பி அனுப்பலாம்.

ஆகவே பயணக் காப்புறுதி எடுக்காமல் தனியே போகக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசோடு பார்த்தால் அது சொற்பம். எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு அவர்களே நேரடியாகக் கட்டுவார்களா, நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கவேண்டுமா? ஏற்கனவே சீனியோ பிரஷரோ இருந்தால் அதற்கும் பொருந்துமா? இரவில் அழைக்க ஓர் இலக்கம் இருக்கிறதா? அங்கு கட்டும் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும், டொக்டர் எழுதித் தரும் சான்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். சின்னக் கிளினிக்குகள் பல காசாகத்தான் வாங்கும், கார்ட் எடுபடாது. ஆகவே கையில் கொஞ்சம் யென் எப்போதும் இருக்கவேண்டும்.

நாம் இங்கே சின்னத் தலையிடிக்கும் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடிப் போவோம். அங்கு அப்படி அல்ல. கடிதம் இல்லாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், 2022 ஒக்டோபர் முதல் பல இடங்களில் முதல் வருகைக்கு மட்டும் குறைந்தது 7,000 யென் மேலதிகமாக அறவிடுகிறார்கள். காய்ச்சல், இருமல், வயிற்றுக்கோளாறு என்றால் முதலில் பக்கத்துக் கிளினிக்குக்குப் போகவேண்டும். பலகையில் "நைகா" என்று எழுதியிருக்கும். பொது வைத்தியம் அங்குதான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பூட்டு. கிழமை நாட்களிலும் பகலில் நீண்ட இடைவேளை விடுவார்கள், சில நாள் பின்னேரம் திறக்கவே மாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை காய்ச்சல் தொடங்கினால் திங்கள் வரை பார்ப்போம் என்று இருக்கக்கூடாது, அன்றே போய்விடவேண்டும்.

மூச்சு முட்டுகிறது, நெஞ்சு வலிக்கிறது, மயக்கம் வருகிறது என்றால் 119. நமது நாட்டு 1990 சுவசெரிய போலத்தான், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு வேறு. "கியூகியூஷா" என்று சொன்னால் அம்புலன்ஸ் வேண்டும் என்று விளங்கிக்கொள்வார்கள். அம்புலன்ஸ் கூப்பிடுவதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், டோக்கியோ, ஒசாகா போன்ற நகரங்களில் #7119 க்கு அழைத்துக் கேட்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்கு ஜப்பான் தேசிய சுற்றுலா அமைப்பின் தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் இயங்குகிறது: 050-3816-2787. இந்த இலக்கங்களைத் தொலைபேசியில் பதிந்தால் மட்டும் போதாது, ஒரு துண்டில் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். காய்ச்சலில் கிடக்கும்போது தொலைபேசியில் சார்ஜ் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது பாஷை.

பயணத்துக்கு முன் ஒரு கடதாசியில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: வயது, உள்ள நோய்கள், குடிக்கும் மருந்துகளின் இரசாயனப் பெயர், ஒத்துக்கொள்ளாத மருந்து. பனடோல் என்ற பெயரைச் சொல்லி அங்கே பாமசியில் தேடினால் கிடைக்காது. பரசிட்டமோலை அங்கு அசெட்டமினோஃபென் என்பார்கள். நமது வில்லை 500 மில்லிகிராம். அங்கு கடையில் வாங்கும் டைலனோல் 300 மில்லிகிராம். தடிமன் மருந்துகளிலும் அதே சாமான் கலந்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்கக்கூடாது. அன்டிபயோட்டிக் மருந்துச் சிட்டை இல்லாமல் கிடைக்கவே கிடைக்காது. டொக்டர் தரும் சிட்டையும் கொடுத்த நாளோடு சேர்த்து 4 நாளுக்குத்தான் செல்லும்.

காய்ச்சலை அங்கு செல்சியஸில்தான் கேட்பார்கள். 37.5 க்கு மேல் என்றால் காய்ச்சல். நமது 101 அங்கே 38.3. "நூற்றியொன்று" என்று சொன்னால் டொக்டர் திகைத்துப்போவார்.

ஒரு தமிழ் ஆசிரியனாக எனக்குப் பிடித்த விசயம் ஒன்று. நாம் விண்விண் என்று தெறிக்கிறது, சுருக் சுருக் என்று குத்துகிறது என்று சொல்வதைப்போலவே ஜப்பானியரும் வலியை இரட்டைக்கிளவியில்தான் சொல்கிறார்கள். துடிதுடித்து வலித்தால் "ஸுகிஸுகி". ஊசி குத்துவது போல் என்றால் "சிகுசிகு". வயிற்றைப் பிடித்து முறுக்கினால் "கிரிகிரி". தலை இடி இடி என்று இடித்தால் "கங்கங்". வலிக்கும் இடத்தைத் தொட்டுக்காட்டி இதில் ஒன்றைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. இலக்கணத்தில் வெறுமனே புள்ளிக்காகப் படித்த பாடம் ஒரு நாள் உயிருக்கும் உதவலாம், பிள்ளைகளே.

மருந்துப் பைக்கும் எச்சரிக்கை வேண்டும். டொக்டர் எழுதிய மருந்து ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுபோவதென்றால் முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும். சூடோஎபெட்ரின் நூற்றுக்கு 10 க்கு மேல் உள்ள தடிமன் மருந்து தடை. கோடீன் நூற்றுக்கு 1 க்கு மேல் உள்ள மருந்தும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். 2015 இல் ஒரு பிரபல வாகனக் கம்பனியின் அமெரிக்க உயர் அதிகாரி ஒருவர், வலி நிவாரண மாத்திரைகளைத் தபாலில் வரவழைத்ததற்காக டோக்கியோவில் கைதாகி, சுமார் மூன்று கிழமை தடுப்பில் இருந்தார். வழக்குப் போடாமல் விட்டார்கள், ஆனால் பதவி போய்விட்டது. அவருக்கே அந்தக் கதி என்றால் நமது பிள்ளைக்கு? "எங்கட மகனுக்கு இந்த மருந்தையும் கொஞ்சம் கொண்டுபோய்க் குடுங்க" என்று யாரிடமும் பார்சல் கொடுக்காதீர்கள், வாங்கவும் வேண்டாம்.

சாப்பாட்டில் ஹலால் சிக்கலும் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறது. நோயாளிக்கு அங்கும் கஞ்சிதான், "ஒகாயு" என்பார்கள். 24 மணி நேரக் கடைகளில் பொதியாகவே இருக்கும். இறைச்சி, முட்டை எதுவும் சேராத வெறும் வெள்ளைக் கஞ்சியைப் பார்த்து எடுக்கலாம். வயிற்றோட்டத்துக்கு நமது ஜீவனி பைக்கற் நாலைந்து கையோடு கொண்டுபோங்கள். மருந்துக் குளிசையின் ஜெலட்டின் பற்றிச் சந்தேகம் என்றால் டொக்டரிடம் சொல்லி வில்லையாகவோ தூளாகவோ கேட்கலாம். அங்கு தூள் மருந்து சாதாரணம். வேறு வழி இல்லையென்றால் ஓர் ஆலிமிடம் அன்றே தொலைபேசியில் கேளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவேண்டாம். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பிலும் தொழுகையிலும் மார்க்கம் தந்திருக்கும் சலுகை இந்த மாதிரி நேரத்துக்காகத்தான்.

மூன்றாவது, உம்மா பதறுவா என்பது. இதுதான் கஷ்டமானது.

பிள்ளை ஏன் மறைக்கிறது? சொன்னால் அரை மணித்தியாலத்தில் ஊர் வட்ஸ்அப் குழுமம் முழுக்க "இன்னாரின் மகன் ஜப்பானில் ஆபத்தான நிலையில்" என்று ஓடும். பிறகு உம்மா அழுவா, வாப்பா டிக்கெட் போட்டுத் திரும்பி வா என்பார். இதற்குப் பயந்தே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆகவே பதறாத ஒரு நானாவையோ மச்சானையோ பொறுப்பாக வையுங்கள். தங்கும் இடத்தின் பெயர், விலாசம், தொலைபேசி அவரிடம் இருக்கட்டும். தினமும் ஒரு செய்தி. அங்கு நம்மை விட மூன்றரை மணி நேரம் முந்தியது என்பதையும் ஞாபகம் வையுங்கள். ஒரு நாள் பதில் வரவில்லையென்றால் அவர் ஹோட்டலுக்கு அழைத்து அறையைப் பார்க்கச் சொல்லவேண்டும்.

ஜப்பானில் எல்லாமே ஒழுங்கு, நாம் ஏன் பயப்படவேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஒழுங்குதான், மறுக்கவில்லை. ஆனால் 2017 இல் மாணவியாகப் போன நமது நாட்டுச் சகோதரி விஷ்மா சந்தமாலியை மறக்கமுடியாது. வீசா முடிந்து தடுப்பில் வைக்கப்பட்டு, நோயுற்று மெலிந்து, 2021 மார்ச் 6 ஆம் திகதி நாகோயாக் குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் 33 வயதில் மரணித்தார். அங்கு மருத்துவ ஏற்பாடு போதாமல் இருந்ததை அந்நாட்டுக் குடிவரவு நிறுவனத்தின் அறிக்கையே பின்னர் ஏற்றுக்கொண்டது. வீசா முடிந்த பின்னும் மறைந்து தங்குகிறவர் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயப்படுவார். உழைக்கலாம் என்று அப்படித் தங்கச் சொல்லி ஆலோசனை கொடுக்கும் பெரியவர்கள், நோய் வந்தால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும் என்பதையும் சொல்லவேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு கோரிக்கை. போகிறவருக்குப் பிரியாவிடை வைத்துப் போட்டோ எடுக்கிறோம். அதே நாளில் ஜப்பானில் இருந்து வந்த ஒருவரையும் ஊர் டொக்டர் ஒருவரையும் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் பேச வையுங்கள். காப்புறுதி எடுத்தாரா, துண்டில் இலக்கங்கள் இருக்கிறதா, தினமும் செய்தி யாருக்கு என்று மூன்றையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். செலவு ஒரு பிளேன்டீதான்.

அங்கு இருந்து வந்த சகோதரர்கள் இதில் விடுபட்டதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், போகிறவர்களுக்கு உதவும். வெளிநாட்டில் தனியே நோயில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. துஆ செய்யுங்கள், காப்புறுதியும் எடுத்துக்கொடுங்கள்.