கொல்லையில் காய்த்தது யார் பேரில்?

கொல்லையில் ஒரு கிளை மட்டும் புதுவிதமாய்க் காய்த்தால், அதைக் கவனித்துப் பதியம் போட்டுப் பெருக்குகிறவன் சம்சாரி. திண்டுக்கல் சீமையில் பள்ளபட்டி அழகர்சாமி தேர்ந்தெடுத்த முருங்கை, பி.ஏ.வி.எம். என்று அவர் ஊரையும் பேரையும் சுமந்து நிற்கிறது. மற்றவர்கள் கண்டெடுத்தவை?

விவசாயி தன் ரகத்தைக் கட்டணமின்றிப் பதியலாம் என்கிறது 2001ஆம் ஆண்டுச் சட்டம். நல்லது. டில்லிக்கு மனு, விதை மாதிரி, வயல் சோதனை! வழி சொல்வார் யார்?

கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். உருளைக்கிழங்கு ரகமொன்றைப் பதிந்துகொண்ட பெப்சி, 2019இல் குஜராத் விவசாயிகள் நால்வரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்குமேல் நஷ்டஈடு கேட்டது! எதிர்ப்பு கிளம்பவே வாபஸ் வாங்கியது. 2021இல் ரத்தான அந்தப் பதிவு, 2024இல் டில்லி ஐகோர்ட்டில் உயிர் பெற்றது.

சர்க்காரே, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு அதிகாரிகளை அனுப்பு. மனுவைத் தமிழில் அங்கேயே எழுதி வாங்கு!