பழைய மோட்டார் வண்டியும் அதன் திருகாணிகளும்

மோட்டார் வண்டியொன்றைப் பகுதி பகுதியாகக் கழற்றுவதற்கு ஒரு வாரம் போதும். அதனையே மீண்டும் பூட்டி ஓடச் செய்வதற்கு ஓராண்டும் போதாமற் போவதுண்டு. இத்தாமதத்துக்கு எஞ்சினையோ கியர்ப்பெட்டியையோ குறைகூறுவது வழக்கம். உண்மையில், கழற்றிய அன்றே ஒரு மண்ணெண்ணெய் டின்னில் வகைப்படுத்தாமற் கொட்டி வைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான போல்ட்டுகளும் நட்டுகளுமே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். அவற்றுள் எது எவ்விடத்துக்கு உரியது என்பதை அறிந்தவர் அருகி வருகின்றனர். அறியாதவர் கைக்கு அகப்பட்டதை முறுக்கி நுழைக்கின்றனர். நுழையாவிடில் துளையைப் பெரிதாக்குகின்றனர். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஆர்வம் நாடெங்கும் பெருகியுள்ள இக்காலத்தில், திருகாணியைச் சில்லறைப் பொருளாக எண்ணும் இம்மனப்பான்மை வண்டிக்கும் கேடு, அதில் ஏறிச் செல்வோருக்கும் கேடு.

திருகாணியின் உடலில் சுற்றிச் செல்லும் வரியைப் பாடநூல்கள் புரி என்கின்றன. பட்டறைகளில் அதற்கு மரை என்று பெயர். அறிவு பிறழ்ந்தவனை மரை கழன்றவன் என்று சொல்லும் வழக்கமும் அங்கிருந்து வந்ததே போலும். ஒரு புரியை முற்றும் அறிய மூன்று செய்திகள் வேண்டும்: ஆணியின் விட்டம், அடுத்தடுத்த இரு புரிகளுக்கு இடையேயுள்ள தூரம், புரியின் பக்கங்கள் ஒன்றோடொன்று அமைக்கும் கோணம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையாண்ட மாணவன் புரியிடைத் தூரத்தை அறிவான். கோணத்தைப் பற்றி அவனுக்கு எவரும் சொல்வதில்லை. பட்டறையில் நேரும் பிழைகளுட் பல அந்தக் கோணத்திலேயே தொடங்குகின்றன.

இங்கிலாந்தில் ஜோசப் விட்வர்த் 1841ஆம் ஆண்டில் முன்மொழிந்த புரிக்குக் கோணம் 55 பாகை. அதன் முகடும் பள்ளமும் வளைந்திருக்கும். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் முன்மொழிந்த புரிக்குக் கோணம் 60 பாகை. அதன் முகடு தட்டையானது. பின்னர் பிரிட்டனில் விட்வர்த் கோணத்தையே கொண்டு, நெருக்கமான புரிகளையுடைய பி.எஸ்.எஃப். என்னும் வகை மோட்டார் வண்டிகளுக்கென வழங்கலாயிற்று. மின்கருவிகளின் சிறு திருகுகளுக்கு 47½ பாகைக் கோணமுடைய பி.ஏ. என்னும் மற்றொரு வகையும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படைக்கலங்கள் ஒன்றின் ஆணி மற்றொன்றில் பொருந்தாமல் இடர்ப்பட்டதன் விளைவாக, அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் 1948 நவம்பரில் கூடி, 60 பாகைக் கோணமுடைய ஒருமைப் புரியை ஏற்றன. யு.என்.எஃப்., யு.என்.சி. என்று பட்டறைகளில் வழங்குபவை அதன் நெருக்க வகையும் பரும வகையும் ஆகும். இவற்றுக்கு அப்பால் ஐரோப்பியக் கண்டத்தின் மெட்ரிக் புரி தனியே வளர்ந்தது.

இந்தியாவின் சாலைகளில் இவை அனைத்தும் ஒருங்கே ஓடின. போருக்கு முன் இறக்குமதியான பிரிட்டிஷ் வண்டிகளில் பி.எஸ்.எஃப்.; வில்லிஸ் ஜீப்பில் அமெரிக்கப் புரி; பம்பாயில் கூட்டப்பட்ட ஃபியட்டில் மெட்ரிக்; சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் ஒருமைப் புரி. உத்தரபாடாவில் உருவான அம்பாசடரோ தன் வாழ்நாளிலேயே இரு முறைகளைக் கண்டது. அதன் 1489 கன சென்டிமீட்டர் பிரிட்டிஷ் எஞ்சின் ஒருமைப் புரி கொண்டது. பின்னாளில் அவ்வண்டியிற் பொருத்தப்பட்ட இசுஸு எஞ்சின் மெட்ரிக் புரி கொண்டது. 2014இல் அதன் உற்பத்தி நிற்கும்வரை இரு வகை ஆணிகளும் அதே பெயருடைய வண்டிக்கு உதிரிப் பொருள்களாக விற்கப்பட்டன. ஆகவே, அம்பாசடர் போல்ட் என்று கேட்டு வாங்குவது ஒன்றும் கேட்காமல் வாங்குவதற்குச் சமம்.

இவை எல்லாவற்றினும் விந்தையானது, 1940களின் இறுதியில் வந்த ஹிந்துஸ்தான் டென் வண்டி. அது மாரிஸ் டென் என்னும் ஆங்கில வண்டியின் மறுபதிப்பு. அதன் எஞ்சினில் உள்ள ஆணியின் தலைக்கு விட்வர்த் ஸ்பானர் சரியாகப் பொருந்தும். கழற்றிப் பார்த்தால் புரி மெட்ரிக்காக இருக்கும். முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனம் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஆயுதத் தொழிற்சாலை ஒன்றை அமைத்தது. போர் முடிந்தபின் அது மாரிஸ் நிறுவனத்துக்கு எஞ்சின் செய்து கொடுத்தது. 1923இல் மாரிஸ் அத்தொழிற்சாலையையே விலைக்கு வாங்கினார். அங்கிருந்த கருவிகள் மெட்ரிக் புரி வெட்டுபவை. நாட்டிலுள்ள பட்டறைகளின் ஸ்பானர்களோ விட்வர்த் அளவின. கருவியை மாற்றுவதைவிட ஆணியின் தலையை மாற்றுவது எளிது என்று அவர்கள் கண்டனர். அந்த எஞ்சின்களில் மிகுதியாகக் காணப்படும் 8 மில்லிமீட்டர் ஆணிக்குப் புரியிடை 1 மில்லிமீட்டர். இன்று கடையிற் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் ஆணிக்கோ 1.25 மில்லிமீட்டர். கடை ஆணி இரண்டு சுற்று நுழைந்து இறுகும். பலம் காட்டி முறுக்கினால் எஞ்சினின் வார்ப்புப் புரி சிதையும். ஒரு பிரெஞ்சுத் தொழிற்சாலையின் கருவி, நூறாண்டுகள் கழிந்தபின் ஓர் இந்தியப் பட்டறைக்காரரைத் திகைக்க வைப்பது பொறியியல் வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

நுழையாத ஆணியால் விளையும் தீங்கு அளவுக்கு உட்பட்டது. அது தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். அஞ்சத்தக்கது, சரியாக நுழைவதுபோல் தோன்றும் தவறான ஆணியே. 1/4 முதல் 7/16 அங்குலம் வரையுள்ள வழக்கமான அளவுகளில் விட்வர்த் புரியும் யு.என்.சி. புரியும் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கை உடையவை. கோணம் வேறாதலால் பக்கங்கள் முழுமையாகப் படிவதில்லை. எனினும் கைக்கு அது புலப்படாது. 1/2 அங்குலத்தில் மட்டும் 12, 13 என எண்ணிக்கை வேறுபட்டு உண்மை வெளிப்படும்.

பிரேக் குழாய் இணைப்பில் இப்பிழை உயிரோடு விளையாடுவதாகும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் 3/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரியும் உடைய இணைப்புத் திருகு பரவலாகக் காணப்படும். மெட்ரிக் வண்டிகளில் அவ்விடத்தில் 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் புரியிடையும் உடையது வரும். 3/8 அங்குலம் என்பது 9.525 மில்லிமீட்டர், 24 புரி என்பது 1.058 மில்லிமீட்டர் இடைவெளி. எனவே அங்குலத் திருகு மெட்ரிக் துளைக்குள் தங்குதடையின்றிச் செல்லும். புரிகள் ஒன்றையொன்று பற்றும் ஆழமோ இருக்கவேண்டியதிற் பாதியளவே இருக்கும். ஐந்தாறு சுற்றுகளில் புரியிடை வேற்றுமை சேர்ந்து ஏறத்தாழ 1/3 மில்லிமீட்டராகி, திருகு இறுகியதுபோன்ற உணர்வைத் தரும். பூட்டியவர் நிறைவடைந்து எழுந்துவிடுவார். மலைப்பாதையின் இறக்கத்தில் ஓட்டுநர் முழுப் பலத்துடன் பிரேக்கை மிதிக்கும் நாளில் அந்தப் புரி அறுந்து போகக்கூடும்.

மெட்ரிக் ஆணிகளே எங்கும் கிடைக்கும்போது எல்லாத் துளைகளையும் மெட்ரிக்காக்கி விட்டால் தொல்லை தீருமே என்று சிலர் வாதிடுகின்றனர். ஓடி உழைக்கும் வண்டியைப் பொறுத்தவரை அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. செயல்முறையில் அது எளிதன்று. 5/16 அங்குலம் 7.94 மில்லிமீட்டர் ஆதலால், அத்துளையில் 8 மில்லிமீட்டர் டாப்பைச் செலுத்தினால் பழைய புரி நீங்காது. பழையதும் புதியதும் ஒன்றையொன்று வெட்டி இரண்டும் கெடும். 10 மில்லிமீட்டருக்குப் போனால் துளையைச் சுற்றியுள்ள வார்ப்பு மெலியும். கெட்ட துளைக்குக் கம்பிச்சுருள் உறை இட்டுப் பழைய அளவையே மீட்பது தக்க வழி. வரலாற்றுச் சிறப்புக்காகப் பேணப்படும் வண்டியிலோ இவ்வாதம் முற்றிலும் பொருந்தாது. ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறையை மத்திய அரசு 2021இல் வகுத்தபோது, சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெருமளவில் மாற்றப்படாதிருத்தல் வேண்டும் என்று விதித்தது. துளை ஒன்றை மாற்றினால் பதிவு போய்விடும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அவ்விதியின் கருத்து, பழமை பழமையாகவே நிற்கவேண்டும் என்பதன்றோ?

வலிமையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். மெட்ரிக் ஆணியின் தலையில் 8.8 என்றிருந்தால் அதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். அமெரிக்க அங்குல ஆணியில் மூன்று கோடுகள் ஐந்தாந் தரத்தையும், ஆறு கோடுகள் எட்டாந் தரத்தையும் குறிக்கும். பிரிட்டிஷ் ஆணித் தலையில் ஒன்றையொன்று தொடும் சிறு வட்டங்கள் இருப்பின் அது ஒருமைப் புரி. பளபளப்பை விரும்பித் துருவேறா எஃகு ஆணிகளை எங்கும் பூட்டுவது இப்பொழுது பரவிவரும் வழக்கம். அவற்றுட் சாதாரண வகையின் இழுவலிமை 700 நியூட்டனே. அன்றியும் அவை நட்டோடு ஒட்டிக்கொண்டு கழல மறுக்கும் இயல்பின. கண்ணாடிச் சட்டத்துக்கு அவை தகும். ஸ்டியரிங் கைகளுக்குத் தகா. மிகு வலிமை எஃகினாலான பழைய ஆணிகளை அமிலத்திற் கழுவி முலாம் பூசுவதும் ஆபத்தானது. அப்போது உலோகம் ஹைட்ரஜனை உட்கொண்டு நொறுங்கும் தன்மை பெறுகிறது. பூட்டிச் சில நாட்கள் கழிந்தபின் காரணமின்றி முறிந்தாற்போல் முறியும். கனெக்டிங் ராடு ஆணிகளுக்கு முலாம் வேண்டாம். சரியான தரத்திற் புதியன வாங்குவதே முறை.

கல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் பழைய ஆணிகளைத் தேடி எடுக்கலாம். ஹௌராவின் கடைசல் பட்டறைகளில் புதிதாகவும் வெட்டித் தருவார்கள். எங்குச் சென்றாலும் கேட்பவருக்குத் தான் கேட்பது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் ஸ்பானரில் 1/4 என்று பொறித்திருந்தால் அது வாயின் அகலம் அன்று, ஆணியின் விட்டம் என்பதும், அந்த வாய் ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர் என்பதும், 14 மில்லிமீட்டர் ஸ்பானரால் அதனைத் திருகினால் தலையின் முனைகள் மழுங்கும் என்பதும் முதியவர்களுக்குக் கைப்பழக்கமாக இருந்தன. மெட்ரிக் முறையை நாடு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஏற்றது நன்றே. ஆனால் புதியதைக் கற்பிக்கும் அவசரத்தில் பழையதை அறவே விட்டுவிட்டமை தவறு. தொழிற்பயிற்சி நிலையங்களின் மோட்டார் மெக்கானிக் வகுப்பில் பழைய புரிகளுக்கென ஒரு வாரமேனும் ஒதுக்கப்படுதல் வேண்டும். பள்ளி ஆசிரியரும் இதிற் பங்கு கொள்ளலாம். ஆய்வுக்கூடத்துப் பழைய மின்கருவியில் உள்ள 0 பி.ஏ. திருகையும் கடையில் வாங்கிய 6 மில்லிமீட்டர் திருகையும் மாணவர் அளந்து பார்க்கட்டும். விட்டமும் ஒன்றே, புரியிடையும் ஒன்றே; கோணம் மட்டும் வேறு. உருப்பெருக்கியின் கீழ் அவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

களப்பணியாளர் வசம் உள்ள பழைய ஜீப்புகள் கண்டம் செய்யப்பட்டு ஏலத்துக்குப் போகுமுன், ஒன்றிரண்டேனும் அருகிலுள்ள பயிற்சி நிலையத்துக்குத் தரப்படலாம். மாணவர் அதனைக் கழற்றும்போதே ஒவ்வோர் ஆணியையும் பிட்ச் கேஜாலும் வெர்னியர் அளவியாலும் அளந்து, கழற்றிய இடம், விட்டம், புரி, தலையின் அளவு, தலையிலுள்ள அடையாளம் ஆகியவற்றை ஓர் ஏட்டில் பதிந்து, தனித்தனி டப்பாக்களில் இட்டு எண் ஒட்டவேண்டும். வண்டி மீண்டும் பூட்டப்பட்டபின் அந்த ஏட்டின் படியொன்று பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைக்கப்படுமாயின், அதனை அடுத்துக் கழற்றுபவருக்கு மண்ணெண்ணெய் டின் தேவைப்படாது.