தேனீக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தவன்!

போன வாரம் காலேஜ் பஸ் பத்திப் புலம்பினேன். இந்த வாரம், சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்ட கதை. சொந்தக் காசுன்னு சொல்றதே பொய்... அம்மா காசு.

எங்க வீடு மார்த்தாண்டம் பக்கம். சுத்தி ரப்பர் தோட்டம். அப்பா பால் வெட்டுறவர். மழை பெய்தா வெட்டு கிடையாது, வெட்டு இல்லேன்னா கூலி கிடையாது. அஞ்சாவது செமஸ்டர் ஃபீஸ் கட்டும்போது அவர் முகத்தைப் பார்த்துட்டு, 'நாமளும் ஏதாச்சும் சம்பாதிக்கணும்டா'ன்னு ஒரு வேகம். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்ச நியூஸ் வேற மண்டையில ஓடிக்கிட்டு இருந்துச்சு. அம்மா மகளிர் குழுவுல 7,000 ரூபாய் லோன் போட்டாங்க. போன அக்டோபர்ல வீட்டுப் பின்னாடி ரெண்டு பெட்டி தேனீ வந்து இறங்குச்சு.

அதுக்குப் பேரு நியூட்டன் பெட்டி. ஆப்பிள் நியூட்டன் இல்லை பாஸ்! நூறு வருஷத்துக்கும் முன்னால, நம்ம இந்தியத் தேனீயோட சைஸுக்குத் தகுந்த மாதிரி பெட்டி செஞ்சு கொடுத்த பாதிரியார் அவர். கீழே புழு அறை. ராணி முட்டை வைக்கிறது அங்கேதான். மேலே தேன் அறை. நமக்கு மேல் வீடு மட்டும்தான் சொந்தம். ஸ்டாண்டோட காலுக்குக் கீழே தண்ணி ஊத்தின கிண்ணம், எறும்பு ஏறாம இருக்க.

இன்ஜினீயரிங் ஸ்டூடண்ட் சும்மா இருப்பானா? நோட்டு போட்டேன், கட்டம் கிழிச்சேன். தினமும் சாயங்காலம் காலேஜ்ல இருந்து வந்ததும் பெட்டியைத் திறந்து சட்டத்தை ஒவ்வொண்ணா தூக்கி, முட்டை எத்தனை, புழு எத்தனைன்னு அட்டெண்டன்ஸ் எடுத்தேன். கொட்டும்தான். கொட்டின இடத்துல வாழைப்பழ வாசனை வரும். 'எதிரி இங்கே இருக்கான்'னு மத்த தேனீக்களுக்குப் போற தந்தி அது. அதைக் கூட நோட்டுல எழுதினேனே தவிர, மூடிட்டுப் போகலை.

பெட்டி கொடுத்த மாமா ரெண்டு தடவை சொன்னார்: "மக்களே, சும்மா சும்மா தொறந்து பாக்கப்பிடாது கேட்டியா?" நான் கேட்கலை. காய்ஞ்ச இலை ஒண்ணு கிண்ணத்துல விழுந்து எறும்புக்குப் பாலம் போட்டிருந்ததையும் பார்க்கலை.

நவம்பர் கடைசி. ராத்திரி முழுக்க மழை, காலையில வெயில். ஒரு பெட்டியில சத்தமே இல்லை. திறந்தா... அடை இருக்கு, தேனீ இல்லை. ஒரு தேனீ கூட இல்லை. மொத்தக் குடும்பமும் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. எனக்குக் கை நடுங்குச்சு. அம்மா வந்து எட்டிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "தவணை செவ்வாய்க்கெழம." திட்டியிருந்தா கூட பரவாயில்லை.

நம்ம நாட்டுத் தேனீக்கு இது குணமாம். ரொம்பத் தொந்தரவு, எறும்பு, பட்டினி... எது வந்தாலும் இடத்தை விட்டுக் கிளம்பிடும். மாமா அவரோட கதையைச் சொன்னார். 1990களோட ஆரம்பத்துல தாய் சாக்புரூட்னு ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கத் தேனீக்களைச் சாய்ச்சுது. புழுக்கள் தண்ணி நிறைஞ்ச பை மாதிரி ஊதிச் செத்துப்போகும். இவர்கிட்ட இருந்த அத்தனை பெட்டியும் காலி. அப்புறம் ஏதோ ஒரு மரப்பொந்துல பிழைச்சுக் கிடந்த கூட்டத்தைப் பிடிச்சுட்டு வந்து மறுபடி ஆரம்பிச்சாராம். நான் ஒரு பெட்டிக்கு அழுதுட்டு உட்கார்ந்திருக்கேன்!

மிச்சமிருந்த பெட்டிக்குப் புது ரூல்: பத்து நாளைக்கு ஒரு தடவைதான் திறக்கணும். மத்த நாள் வாசல்ல உட்கார்ந்து வேடிக்கை. கால்ல மகரந்த உருண்டையோட தேனீ உள்ளே போனா, வீட்டுல குழந்தைங்க இருக்குன்னு நம்பலாம். மழை நாள்ல சர்க்கரைப் பாகு. ஜனவரியில அடையோட ஓரத்துல நிலக்கடலை சைஸ்ல ராணி அறை தொங்குச்சு. விட்டா கூட்டம் பிரிஞ்சு பாதி பேர் கிளம்பிடுவாங்க. மாமா வந்து கிள்ளி எடுத்தார்.

பிப்ரவரி வந்துச்சு பாருங்க... ரப்பர் மரம் இலை உதிர்ந்து துளிர் விட ஆரம்பிச்சுது. பூவுலதான் தேன்னு நினைச்சுட்டு இருந்தீங்கல்ல? நானும்தான். ரப்பர்ல மூணு இலை சேர்ற காம்பு நுனியில தேன் சுரக்கும். குமரி மாவட்டத் தேனுக்கு அதுதான் முக்கியமான ஆதாரம். அப்பா முப்பது வருஷமா வெட்டுற மரம். வெட்டுறது பட்டையில, தேன் இருந்தது தலைக்கு மேலே!

மார்ச்ல சட்டத்தை எடுத்து, மெழுகு மூடியைக் கத்தியால சீவி, டிரம்முல போட்டுச் சுத்தினோம். முதல் வருஷம் மொக்கை போட்ட மெக்கானிக்ஸ் பேப்பர்ல வந்த மையவிலக்கு விசை, அன்னிக்குதான் கண்ணுக்கு முன்னால சொட்டுச் சொட்டா தெறிச்சுது. ரெண்டு தடவையா மொத்தம் அஞ்சரை கிலோ. அரைக் கிலோ வீட்டுக்கு. மிச்சம் கிலோ 500-னு தெருவுலேயே போயிடுச்சு. 2,500 ரூபாய். அதாவது லோன்ல இன்னும் 4,500, வட்டி தனி. சனி ஞாயிறு ட்யூஷன் எடுத்து அடைச்சுட்டு இருக்கேன். காலிப் பெட்டிக்கு வர்ற சீசன்ல கூட்டம் பிரிச்சு வைக்கலாம்னு மாமா சொல்லியிருக்கார்.

இப்போ ஜூன். மழை. அப்பாவுக்கும் வேலை இல்லை, தேனீக்கும் வேலை இல்லை. ரெண்டு தரப்பும் வீட்டுலதான். போன செவ்வாய் மூணாவது பீரியட் முடிஞ்சதும் அப்பா போன்: "மக்களே, மழ விட்டாச்சு. காலுல மஞ்சப் பொடியோட ஒண்ணு வருது." எத்தனை வருதுன்னு எண்ணுங்கப்பான்னு சொன்னேன். பதினாலு வரைக்கும் எண்ணினாராம். அதுக்குள்ள மறுபடி மழை பிடிச்சுக்கிச்சு.