பச்சைத் தண்ணீர்

எங்கள் காருக்கு வயது பதினாறு. ஓடிய தூரம் 2,10,000 கிலோமீட்டர். "இன்னுமா இதை வைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்காத நண்பர் இல்லை. ஆனால் முழங்கால் வலிக்காரியான என் தாயார் சிரமமில்லாமல் ஏறி இறங்குகிற கார் இது ஒன்றுதான். அடுத்த வெள்ளிக்கிழமை செங்கற்பட்டில் ஒரு கல்யாணம். அம்மா இப்போதே பெட்டி கட்டி வைத்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலை, "என்னங்க, கார் அடியில் தண்ணீர் நிற்கிறது!" என்று வந்து நின்றாள் என் மனைவி.

"ஏ.ஸி.யிலிருந்து சொட்டியிருக்கும். வெறும் பச்சைத் தண்ணீர்தான்" என்றேன், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

"பச்சைத் தண்ணீர் என்றால் நிஜமாகவே பச்சையாக இருக்குமா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். பச்சைதான். தொட்டால் வழவழப்பு, முகர்ந்தால் லேசான தித்திப்பு வாசனை. ஏ.ஸி. தண்ணீருக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இது என்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட். சில கார்களில் சிவப்பாகவோ நீலமாகவோகூட இருக்கும்.

பெரும்பாலான கூலன்ட்களில் தண்ணீரோடு எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்திருக்கிறது. நாக்குக்குத் தித்திப்பு, உடம்புக்கு விஷம். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இதைச் சொல்லி வாய் மூடவில்லை. எதிர்வீட்டு மூன்று வயதுப் பையன் அங்கே உட்கார்ந்து விரலால் கோலம் போட ஆரம்பித்தான்! மனைவி பாய்ந்து அவனைத் தூக்கிப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு மணலைக் கொட்டி ஒற்றி எடுத்து, தரையையும் நன்றாக அலம்பிவிட்டாள்.

முதலில் பார்த்த பட்டறைக்காரர் பானெட்டைத் தூக்கிய வேகத்திலேயே, "ரேடியேட்டர் போச்சு ஸார், புதுசு போட்டுடலாம்" என்றார். நான் பர்ஸைத் தொட்டேன்.

"எங்கே ஒழுகுதுன்னு காட்டுங்களேன்" என்றாள் மனைவி.

"வண்டி ஆறியிருக்கும்போது தெரியாதும்மா."

"தெரியாததுக்கா புது ரேடியேட்டர்?"

வீட்டுக்குத் திரும்பினோம். இரவு கார் அடியில் பழைய பத்திரிகைகளை விரித்தாள். காலையில் பார்த்தால், ரேடியேட்டருக்கு நேர் கீழே தாள் உலர்ந்திருந்தது. பெல்ட் ஓடும் பக்கத்தில்தான் கறை. அந்தத் தாளோடு இன்னொரு மெக்கானிக்கிடம் போனோம். வயதானவர். தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சொட்டின இடம் வேறே, ஒழுகின இடம் வேறேம்மா. தண்ணி வழிஞ்சு வந்துதான் கீழே சொட்டும். ஆனா எந்தப் பக்கம்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

என்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அதன் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தினார். மூடியில் பொறித்திருந்த அளவுக்குக் காற்றடித்தார். "குக்கர் மாதிரிதாம்மா இது. ஓடும்போது உள்ளே அழுத்தம் இருக்கும். அதனாலேதான் 100 டிகிரி தாண்டியும் தண்ணி கொதிக்காது. அந்த அழுத்தத்திலேதான் ஒழுக்கும் தெரியும்" என்றார்.

பம்பின் முள் மெல்ல இறங்கியது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். ஆயில் பால் நிறமாகவில்லை. புகைக் குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. ஆகவே ஹெட் காஸ்கெட் மேல் சந்தேகம் இல்லை. ஹோஸ் குழாய்களை அமுக்கிப் பார்த்தார். கடைசியில் டார்ச் விளக்கும் சின்னக் கண்ணாடியுமாகக் குனிந்தவர், "இதோ!" என்றார்.

வாட்டர் பம்பின் அடியில் ஊசித் துவாரம் ஒன்று. அதைச் சுற்றி உப்புப் பூத்தாற்போல் ஒரு தடம். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே சொட்டட்டும் என்று வேண்டுமென்றே வைத்த துவாரமாம் அது.

"இது ரொம்ப நாளா சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். தண்ணி குறையலியா ஸார்?"

நான் விழித்தேன். இரண்டு மாதமாக வாரம் ஒரு செம்பு குழாய்த் தண்ணீரை நானே ஊற்றி வந்திருக்கிறேன், யாரிடமும் சொல்லாமல்! குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே படியும், துரு பிடிக்கும் என்று கண்டித்தார் பெரியவர். பம்பு நடுவழியில் இறுகியிருந்தால் என்ஜினே வெந்திருக்கும். அம்மா பட்டுப்புடவையோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருப்பாள்.

பம்பை மாற்றினோம். புது ரேடியேட்டர் விலையில் பாதிகூட ஆகவில்லை. இன்னொன்றும் சொல்லி அனுப்பினார் பெரியவர்: வெப்ப முள் ஏறினால் காரை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிட வேண்டும். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. ஆவி இறங்காத குக்கரை யாராவது திறப்பார்களா?

அன்று இரவும் மனைவி தாள் விரித்தாள். பார்த்தால், போன மாதம் நான் எழுதிய பக்கம்! காலையில் அதை எடுத்து உதறி, "சுத்த வறட்சி!" என்றாள்.

காரைச் சொன்னாளா, கட்டுரையைச் சொன்னாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.