பதினோரு வரிசைக் கல்லும் ஓர் அவமானமும்

என் பேத்தி பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் ஒரு கைடைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "தாத்தா, நீங்க போ எழுதின கதையெல்லாம் பிரெஞ்சுல படிச்சிருக்கீங்கதானே? இந்தக் கதையில ஐரனி எங்கெங்க வருதுன்னு கேப்பாங்க. பத்து மார்க்கு" என்றாள்.

பார்த்தால் என் பழைய சிநேகிதன். எட்கர் ஆலன் போவின் 'அமோண்டிலாடோ பீப்பாய்'. அறுபதுகளில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். போவை அமெரிக்கர் என்றே வெகுநாள் எனக்குத் தெரியாது. போதலேர் மொழிபெயர்த்து 1857-இல் வெளியிட்ட தொகுப்பில்தான் இந்தக் கதையைப் படித்தோம். எங்கள் மெஸ்யே இதிலிருந்து ஒரு பத்தியைத் திக்தேயாகச் சொல்லி எழுத வைத்தார். கதை பயமுறுத்தியதைவிட என் எழுத்துப்பிழைகளின் எண்ணிக்கை என்னை அதிகம் பயமுறுத்தியது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் ஒரு நகரம், கார்னிவல் சமயம். மோந்த்ரெஸோர் என்பவன் தன்னை அவமதித்த ஃபொர்த்துனாத்தோவைப் பழிவாங்க முடிவு செய்கிறான். ஃபொர்த்துனாத்தோவுக்கு ஒயினை ருசி பார்த்துச் சொல்வதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று கர்வம். அமோண்டிலாடோ என்ற ஸ்பெயின் நாட்டு ஒயின் ஒரு பீப்பாய் வந்திருக்கிறது, அசல்தானா என்று சந்தேகம் என்று சொல்லி, தன் மாளிகைக்கு அடியிலுள்ள நிலவறைக்கு அவனைக் கூட்டிப் போகிறான். ஒயின் கிடங்கும் அதுதான், அந்தக் குடும்பத்தின் இடுகாடும் அதுதான். அங்கே சுவரில் உள்ள ஒரு மாடத்தில் அவனைச் சங்கிலியால் பிணைத்து, கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வைத்து உயிரோடு மூடிவிடுகிறான். எல்லாம் நடந்து ஐம்பது வருஷம் கழித்து அவனே சொல்கிற கதை இது.

கைடில் ஐந்து இடங்களை எண் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஐந்தும் சரிதான். ஃபொர்த்துனாத்தோ என்றால் அதிர்ஷ்டசாலி. சாகப்போகிறவன் போட்டிருப்பது கோமாளி வேஷம், தலையில் மணி கட்டிய கூம்புத் தொப்பி. இருமிக்கொண்டே, இருமலால் நான் சாகமாட்டேன் என்கிறான். உண்மை, உண்மை என்று மற்றவன் ஆமோதிக்கிறான். இங்கே புதைந்திருப்பவர்களுக்காக என்று அவன் கோப்பையை உயர்த்த, உன் நீண்ட ஆயுளுக்காக என்று இவன் குடிக்கிறான். ஃப்ரீமேசன் சங்கத்தின் ரகசிய சைகையைக் காட்டி, நீ எங்களைச் சேர்ந்தவனா என்று கேட்டபோது, ஆமாம் என்று அங்கிக்குள்ளிருந்து கொத்தனார் கரண்டியை எடுத்துக் காட்டுகிறான்.

கைடில் இல்லாத இரண்டை நானும் சேர்த்துச் சொன்னேன். கொலைகாரனின் பெயரைப் பிரெஞ்சில் பிரித்தால் 'மோன் த்ரெஸோர்', என் செல்வம். குழந்தையைக் கொஞ்சுகிற வார்த்தை. வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். இன்னொன்று, போதலேரின் மொழிபெயர்ப்பில் இருவரும் கடைசிவரை 'வு' போட்டே பேசுகிறார்கள். உங்கள் உடம்பு முக்கியம், திரும்பிவிடலாம், உங்களை எல்லோரும் மதிக்கிறார்கள், நேசிக்கிறார்கள் என்று நீங்கள் நாங்கள் போட்டே குழிக்கு அழைத்துப் போகிறான். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றே எல்லோருக்கும் என்பதால் இந்த மரியாதை அங்கே காதில் விழுவதில்லை. நம் ஊர் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "சார், வாங்க சார்" என்று கூப்பிட்டு வைத்துக் கழுத்தறுத்தவர்களை நாம் பார்த்ததில்லையா?

வேலைக்காரர்கள் விஷயம் எனக்கு எப்போதும் சிரிப்பு மூட்டும். விடியும்வரை திரும்பமாட்டேன், ஒருவரும் வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போகிறான். அது போதும், முதுகு திரும்பியதும் அத்தனை பேரும் வெளியே ஓடிவிடுவார்கள் என்று அவனுக்கே தெரியும். அதிகாரி மீட்டிங்குக்குப் போகும்போது "யாரும் சீட்டைவிட்டு எழுந்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார். பத்தாவது நிமிடம் செக்‌ஷனில் மின்விசிறி மட்டும்தான் வேலை பார்க்கும்.

இதெல்லாம் சரி. ஆனால் அந்தக் கைடின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. முரண்நகை முழுவதும் செத்தவன் மேலேயே விழுகிறது என்கிறது அது. கொன்றவன் கெட்டிக்காரன், செத்தவன் ஏமாளி என்று கணக்கை முடித்துவிடுகிறது. என் அபிப்பிராயத்தில் அதைவிடப் பெரிய முரண்நகை கதையைச் சொல்கிறவன் மேல் விழுகிறது. அது அவனுக்குத் தெரியவே இல்லை.

நம் தமிழில் வஞ்சப்புகழ்ச்சி என்று ஓர் அணி உண்டு. தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி அழகாக இருப்பதையும், அதியமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஔவையார் சொன்னாரே, அது. பேசுகிறவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று முழுதாகத் தெரியும். மோந்த்ரெஸோர் நிலவறையில் பேசுவதும் இந்த ரகம்தான், நோக்கம்தான் கொடூரம். ஆனால் ஐம்பது வருஷம் கழித்து நம்மிடம் பேசும்போது அவன் வாயிலிருந்து அவனுக்கே தெரியாமல் சில விஷயங்கள் கசிகின்றன. போவின் திறமையை நான் அங்கேதான் பார்க்கிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். மெமோவுக்கு ஊழியர்கள் எழுதித் தருகிற விளக்கங்களைப் படித்துக் குறிப்பு எழுதி மேலே அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அந்தக் கண்ணோடு இந்தக் கதையைப் படித்துப் பாருங்கள். மாடத்தின் ஆழம் நான்கு அடி, அகலம் மூன்று, உயரம் ஆறோ ஏழோ. இரும்பு வளையங்களுக்கு நடுவே இடைவெளி இரண்டடி. கல் பதினோரு வரிசை. எந்த வரிசையில் முனகல் கேட்டது, எப்போது சங்கிலி குலுங்கியது, எப்போது வேலையை நிறுத்திவிட்டு எலும்புக் குவியல்மேல் உட்கார்ந்து அதைக் கேட்டான் என்பது வரை சொல்கிறான். ஐம்பது வருஷம் ஆகியும் ஓர் அங்குலம் மறக்கவில்லை.

ஆனால் ஃபொர்த்துனாத்தோ செய்த அவமானம் என்ன? ஒரு வார்த்தை இல்லை. ஆயிரம் தீங்குகளைப் பொறுத்தேன், அவமதித்தபோது சபதம் செய்தேன் என்பதோடு சரி. அளவுகள் எல்லாம் இருக்கின்றன, காரணம் இருக்க வேண்டிய இடம் காலி. இப்படி ஒரு விளக்கம் என் மேஜைக்கு வந்திருந்தால் 'முக்கிய விவரம் இல்லை' என்று எழுதித் திருப்பியிருப்பேன்.

பழிவாங்கலுக்கு அவனே ஆரம்பத்தில் இரண்டு விதி வைக்கிறான். பழிவாங்குகிறவன் அதற்காகத் தண்டனை அடையக் கூடாது. தவறு செய்தவனுக்கு, தன்னைப் பழிவாங்குவது இன்னார் என்று உறைக்க வேண்டும். இரண்டாவது விதி நிறைவேறியதா? போதை தெளிந்தபிறகும் ஃபொர்த்துனாத்தோ, நல்ல வேடிக்கை, வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிப்போம் என்கிறான். எதற்காகச் சாகிறோம் என்று அவனிடம் யாரும் சொல்லவே இல்லை. கடைசியில் மோந்த்ரெஸோர் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பதில் இல்லை, தொப்பி மணிச் சத்தம் மட்டும் வருகிறது. எதற்குக் கூப்பிட்டான்? அவன் வாயிலிருந்து ஏதோ ஒன்று வரவேண்டும் என்று எதிர்பார்த்தான், அது வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நெஞ்சு என்னவோ செய்தது என்கிறான். உடனே, நிலவறையின் ஈரத்தால் என்று காரணமும் சொல்லிவிடுகிறான். கல் நெஞ்சனுக்கு ஈரத்தின் மேல் பழி போட வேண்டிய அவசியம் என்ன? முதல் விதியும் அந்த இடத்தில் போய்விடுகிறது. போலீஸ் பிடிக்கவில்லை, வாஸ்தவம். கதை முடிவது, இறந்தவர் அமைதியில் இளைப்பாற வேண்டும் என்கிற லத்தீன் செபத்தில். எங்கள் ஊர்க் கோயில்களில் சவ அடக்கத்தின்போது கேட்ட வார்த்தைகள் அவை. அரை நூற்றாண்டாக அமைதி இல்லாமல் கிடப்பவன் யார் என்று பார்த்தால், செபம் யாருக்கு என்பது எனக்குச் சந்தேகமாகிவிடுகிறது.

இது 1846 நவம்பரில் ஒரு பெண்கள் பத்திரிகையில், வண்ணம் தீட்டிய புதுப்பாணி உடைப் படங்கள் போடுகிற பத்திரிகையில், வந்த கதை. அப்போது தாமஸ் டன் இங்கிலீஷ் என்ற எழுத்தாளரோடு போவுக்குக் கடும் சண்டை. அந்தக் கோபம்தான் கதையாயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. போ 1849-இல், நாற்பது வயதில் போய்விட்டார். இங்கிலீஷ் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி, 1902 வரை நன்றாக வாழ்ந்தார்.

என் பேத்தி இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். "சரி தாத்தா, ஆனா பரீட்சையில கைடுல இருக்கறதத்தான் எழுதணும்" என்றாள். அதுவும் நியாயம்.

பேச்சுவாக்கில் அவளிடம் என் கதை ஒன்றையும் சொன்னேன். எண்பதுகளில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், அதிகாரி முன்னால், செக்‌ஷன் முழுவதும் கேட்க, என்னைப் பற்றி ஒன்று சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நான்கரை மணி. நான் கையில் வைத்திருந்த கோப்பின் நாடா சிவப்பு, ஓரத்தில் மைக்கறை. ஜன்னலில் மேலிருந்து இரண்டாவது கண்ணாடி உடைந்து அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அதன் பிறகு பணி ஓய்வு வரை அவரோடு நான் பேசவில்லை. "வணக்கம் சார்" மட்டும் தினமும் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன் அவர் இறந்தபோது, அவர் வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான், நான் போகவில்லை.

"அவர் அப்படி என்னதான் தாத்தா சொன்னாரு?" என்று கேட்டாள்.

மழை வருகிற மாதிரி இருக்கிறது, மாடியில் துணி கிடக்கிறது, போய் எடுத்துவா என்றேன்.