கிணற்றில் இறங்கும் எண்ணெய்க்கு யார் பொறுப்பு?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் உண்டா? வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே நமது குடிநீர். நமது தோட்டங்களின் உயிரும் அதுவே. இதை அறிந்திருந்தும், வாகனங் கழுவிய அழுக்கு நீரை அப்பாறைக்குள் இறங்க விடுவது எந்த நியாயத்தின் பாற்பட்டது?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் வாகனச் சேவை நிலையங்கள் உரிமம் பெறல் வேண்டும். உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலைகளில் விடப்படும் கழிவில், லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெயும் கொழுப்பும் இருத்தலாகாது என்பது விதி. ஆறில்லாத மண்ணிலோ கழிவு சேருமிடம் நிலத்திற் தோண்டிய குழியன்றோ!

“எண்ணெய்ப் பொறி கட்டியிருக்கிறோம்” என்பர். மிதக்கும் எண்ணெயை அது பிடிக்கும்; மறுக்கவில்லை. சவர்க்காரத்தோடு கலந்து பால்போலான எண்ணெயை அது என்செய்யும்? அந்நுண்துளிகள் எளிதில் மிதப்பதில்லை. பொறியைக் கடந்து சென்றுவிடும். பொறி மட்டும் போதுமென உரிமம் வழங்குவது வெறுங் கண்துடைப்பே.

பரிகாரம் உண்டு. மணலையும் மிதக்கும் எண்ணெயையும் முதலில் நீக்கி, எஞ்சிய நீரை அழுத்தத்துடன் மென்சவ்வு வடிகட்டியினூடே செலுத்தவேண்டும். மில்லிமீற்றரின் பதினாயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய அதன் துளைகள் எண்ணெய்த் துளிகளையும் நுண்சேற்றையும் மறித்துவிடும். வெளிவரும் நீரால் மீண்டும் வண்டி கழுவலாம். கிணற்றில் இறைப்பதும் குறையும். நிலத்தில் இறங்கும் நஞ்சும் குறையும். கரைந்த உப்பை இச்சவ்வு நீக்காது. இறுதி அலசலுக்கு நன்னீர் வேண்டும். சவ்வு அடைபடும், அடிக்கடி துப்புரவாக்க வேண்டும். தேங்கும் எண்ணெய்ச் சேற்றையும் முறைப்படி அகற்றவேண்டும். இவையெல்லாம் செலவே.

“சிறு முதலாளி எங்கே போவான்?” எனக் கேட்பர். நேர்மையான கேள்விதான். அவனுக்குத் தவணை கொடுங்கள். கூட்டுறவுக் கடன் கொடுங்கள். விதிவிலக்கு மட்டும் கொடாதீர்கள். அவன் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு அயலவன் கிணறு ஈடாகுமா?

சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின்னிலைய நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமென 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கில் மக்கள் வென்றனர். ஆனால் நட்டஈட்டைக் குடிக்க முடியுமா?

ஆகவே, வாசகர்களே! உங்கள் ஊர்ச் சேவை நிலையத்தின் உரிமம் புதுப்பிக்கப்படுமுன் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் பிரதேச சபையிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: கழுவிய நீர் எங்கே போகிறது? மென்சவ்வு வடிகட்டலும் மீள்பாவனையும் உரிமத்தின் நிபந்தனையாகும்வரை ஓயாதீர்கள். கெட்டபின் வழக்காடுவதிலும் கெடாமற் காப்பதே அறம்.