கழுத்தில் இருப்பது அழுக்கல்ல

ஏழாம் வகுப்பில் ஒருநாள், காலை வழிபாட்டு வரிசையில் நின்றபோது ஆசிரியர் ஒருவர் என் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார். "ஏன்டா, காலனியில தண்ணி வர்றதில்லையா?" வரிசையே சிரித்தது. அன்று மாலை ஓரிக்கை வீட்டில் அம்மா பீர்க்கங்காய் நாரால் என் பின்கழுத்தைத் தேய்த்தார். தோல் கன்றி எரிந்தது, கறுப்பு போகவில்லை. அது தேய்த்தால் போகாது என்று தெரிந்துகொண்டது முப்பது வயதில், சர்க்கரை நோய் உறுதியான அன்றுதான்.

பின்கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் போல் ஆவதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். உடலின் செல்கள் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது, கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. ரத்தத்தில் மிகுந்த இன்சுலின் தோல் செல்களையும் தூண்டிப் பெருகச் செய்கிறது. 1976இல் ரொனால்ட் கான், ஜெஃப்ரி ஃபிளையர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தத் தோல் மாற்றத்தைக் கடுமையான இன்சுலின் எதிர்ப்போடு இணைத்து எழுதினார்கள். கணையம் ஈடுகட்டும்வரை சர்க்கரை அளவு இயல்பாகவே இருக்கும். அதாவது, ரத்தப் பரிசோதனை காட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கழுத்து காட்டிவிடக்கூடும். பரம்பரை, சில மருந்துகள், அரிதாகப் புற்றுநோய் ஆகியவையும் காரணமாகலாம் என்பதால் மருத்துவர் பார்ப்பது அவசியம்.

இந்த எச்சரிக்கையைத்தான் சாதி மறைக்கிறது. தீட்டு என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர்கள் இன்று 'சுத்தமில்லை' என்கிறார்கள். வேறு தெருப் பிள்ளையின் கழுத்தென்றால் அந்த ஆசிரியர் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருப்பாரா, டாக்டரைப் பற்றிக் கேட்டிருப்பாரா? கறுப்பு நிறம் நோயல்ல. ஆனால் கறுப்பு என்றாலே அழுக்கு என்று பழகிய கண்ணுக்கு, நிறம் எது, நோயின் அறிகுறி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

சந்தைக்கும் அதே கண்தான். 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறியது, வெள்ளைத் தோல் மோகம் மாறவில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்போ தோலை மெலியவைக்கும். இன்சுலினை ஒன்றும் செய்யாது.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. 'நடங்க, காய்கறி சாப்பிடுங்க' என்பது சரியான அறிவுரைதான். பகலெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்து, மூன்று வேளையும் அரிசியிலேயே வயிற்றை நிரப்பும் வீட்டுக்கு அந்த அறிவுரை மட்டும் போதுமா? பருப்பும் முட்டையும் காய்கறியும் வாங்கும் கூலி கேட்பதும் நீரிழிவுத் தடுப்புதான்.

அரசிடம் கேட்க வேண்டியது பெரிய செலவில்லை. அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுக்கள் பிள்ளைகளின் பின்கழுத்தையும் பார்க்கட்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் ஊழியர்கள் மாத்திரையோடு வாசலுக்கு வரும்போது, வீட்டிலுள்ள இளையவர்களையும் ஒருமுறை பார்க்கட்டும். ஆசிரியர் பயிற்சியில் இது ஒரு பாடமாகட்டும். கண்ணால் பார்த்தே அறியக்கூடிய அறிகுறிக்கு இயந்திரம் தேவையில்லை. கேலியில்லாத கண் போதும்.

அன்று அப்படித் தேய்த்ததற்காக அம்மா இன்றும் வருந்துகிறார். வருந்த வேண்டியவர் அவரல்ல.